பறக்கப் போனவள் பிள்ளை பெறக் கூடாதா?



பாசிர் பெனம்பாங்கிலிருந்து பாலத்தைக் கடந்து கோலசிலாங்கூருக்குப் படிக்கப் போகும் நம் பெண் பிள்ளைகளில், "விமானத்தில் வேலை செய்யப் போகிறேன்" என்று ஆசைப்படுபவர்களும் உண்டு. மகிழ்ச்சிதான். ஆனால் அந்த வேலைக்குப் பின்னால் இருக்கும் ஒரு வரலாற்றைப் பெற்றோர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த வட்டாரத் தோட்டங்களில் நம் பாட்டிமார்கள் பால்மரம் சீவினார்கள். கைக்குழந்தையை ஆயாக்கொட்டகைத் தொட்டிலில் விட்டுவிட்டு மறுபடியும் பெரட்டுக்கு வந்து நின்றார்கள். கூலி சொற்பம், பாடு அதிகம். ஆனாலும், பிள்ளை உண்டானதோடு வேலை முடிந்தது என்று அவர்கள் நினைக்கவில்லை.

ஆகாயத்தில் பறந்த பெண்ணுக்கோ வேறு நியாயம்!

பியாட்ரிஸ் பெர்னாண்டஸ், மலேசிய விமான நிறுவனத்தின் பணிப்பெண். நிறுவனமும் தொழிற்சங்கமும் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தத்தின்படி, அவருடைய பிரிவில் கர்ப்பமாகும் பணிப்பெண் வேலையிலிருந்து விலக வேண்டும். 1991ல் அவர் கர்ப்பமானார். விலக மறுத்தார். வேலைநீக்கம் செய்யப்பட்டார். நீதிமன்றப் படியேறினார்.

2005ல் கூட்டரசு நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. அரசியலமைப்பின் 8ஆவது பிரிவு தரும் சமத்துவம் அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும், தனியார் ஒப்பந்தத்தை அல்ல என்பதே தீர்ப்பின் சாரம். 1991ல் கருவில் இருந்த பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்ட காலம் அது!

இந்தியாவில் இதே கேள்வி முன்னதாகவே எழுந்தது. முதல் கர்ப்பத்தோடு பணிப்பெண் ஓய்வு பெற வேண்டும் என்ற ஏர் இந்தியா விதியை, நெர்கேஷ் மிர்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1981ல் ரத்து செய்தது. ஏர் இந்தியா அப்போது அரசு நிறுவனம். அதனால் அரசியலமைப்பின் கை அங்கே எட்டியது. ஆயினும், வேலையில் சேர்ந்து 4 ஆண்டுகளுக்குள் திருமணம் கூடாது என்ற விதியை அதே தீர்ப்பு ஏற்றுக்கொண்டது.

நம் நாட்டிலும் சட்டம் மெல்ல நகர்ந்தது. 2001ல் 8ஆவது பிரிவில் 'பாலினம்' என்ற சொல் சேர்க்கப்பட்டது. கர்ப்பத்தைக் காட்டி ஒரு தற்காலிக ஆசிரியையின் நியமனத்தை ரத்து செய்தது பாலினப் பாகுபாடே என்று 2011ல் ஷா ஆலம் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அங்கே எதிர்த்தரப்பு அரசாங்கம். தனியார் முதலாளியைக் கட்டுப்படுத்த நாடாளுமன்றம்தான் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

அது 2023 ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. திருத்தப்பட்ட வேலைவாய்ப்புச் சட்டம் பிரசவ விடுப்பை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்த்தியது. ஒழுங்கீனம், நிறுவனம் மூடப்படுதல் போன்ற காரணங்கள் இன்றி கர்ப்பிணியை வேலைநீக்கம் செய்வது குற்றம் என்றும் சொன்னது.

நேயர்களே, "பெண்களே வாருங்கள்" என்று கதவைத் திறப்பது பாதிக் கொள்கை. பிள்ளை பெற்ற பிறகும் அவள் இடம் அவளுக்கு இருக்கிறதா என்பது மீதிப் பாதி. பியாட்ரிஸை வெளியேற்றிய விதியில் ஒரு தொழிற்சங்கத்தின் கையெழுத்தும் இருந்ததை மறந்துவிடாதீர்கள்.

ஆகவே பெற்றோர்களே, மகளுக்கு வேலை கிடைத்ததும் இனிப்பு வழங்குங்கள். அதற்கு முன், அவள் கையெழுத்திடும் ஒப்பந்தத்தை அவளோடு உட்கார்ந்து ஒரு முறை வாசியுங்கள்.