விளையாட்டு நிற்கும் வயது

மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கத்தை எழுவான்கரை என்றும் மேற்குப் பக்கத்தைப் படுவான்கரை என்றும் அழைப்பது எம்மவர் வழக்கம். நகரமும் பெயர்பெற்ற பாடசாலைகளும் கிழக்கே அமைந்தன. வயலும் குளமும் கால்நடையும் மேற்கின் செல்வமாயின. நகரிலிருந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்தால் வரும் வவுணதீவு, படுவான்கரையின் வாசல்களில் ஒன்று. கன்னன்குடா, ஈச்சந்தீவு, விளாவெட்டுவான், நாவற்காடு, ஆயித்தியமலை, உன்னிச்சை முதலிய ஊர்கள் அதற்கு அப்பால் விரிகின்றன. எமது கல்லூரியில் பயின்ற பலருக்கு இவை தாய்வழி ஊர்களாகவோ வாழ்க்கைப்பட்ட ஊர்களாகவோ இருக்கும்.

நூற்றாண்டு மலர்களில் அதிபர்கள், பரீட்சைப் பெறுபேறுகள், உயர்பதவி வகித்த மாணவியர் பற்றிய கட்டுரைகள் தவறாது இடம்பெறும். அவை வேண்டியவையே. எனினும், சாதாரண வீட்டுப் பெண் ஒருத்தி தன் உடம்பை உற்சாகத்துக்காக ஓடவும் ஆடவும் விட்ட வரலாறு அதிகம் எழுதப்படவில்லை. அதைச் சுருக்கமாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எம் மண்ணில் விளையாட்டு கோயில் வாசலிலேயே வளர்ந்தது. கண்ணகை அம்மன் வழிபாட்டோடு இணைந்த கொம்புமுறி விளையாட்டு அதற்குச் சிறந்த சான்று. ஊர் முழுவதும் வடசேரி, தென்சேரி என இரு கட்சியாகப் பிரியும். ஒரு குடும்பம் எந்தச் சேரி என்பது பரம்பரையாக வருவது. முதலில் போர்த்தேங்காய் அடிப்பார்கள். பின்னர், வளைந்த உறுதியான மரக்கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று கொளுவி, வடம் கட்டி, இரு பக்கத்தாரும் இழுப்பார்கள். எவருடைய கொம்பு முறிகிறதோ அவர்கள் தோற்றவர்கள். வென்ற சேரி தோற்ற சேரியைப் பாட்டால் வசை பாடும். கொள்ளைநோய் தீரவும் மழை பொழியவும் அம்மனை வேண்டி ஆடப்பட்ட விளையாட்டு இது. சிங்கள மக்களிடையே பத்தினி தெய்வ வழிபாட்டோடு சேர்ந்த ‘அங்கெலிய’ இதன் உடன்பிறப்பு. பேராசிரியர் கணநாத் ஒபேசேகர 1984இல் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய பெருநூலில் இவ்விளையாட்டை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

கூத்தும் அவ்வாறே. இன்று அதைக் கலை என்று மட்டும் சொல்கிறோம். ஆனால் கன்னன்குடா போன்ற கூத்துக்குப் பேர்போன ஊர்களில் அது இளைஞரின் உடற்பயிற்சிக் கூடமாகவும் விளங்கியது. சட்டங்கொடுத்த நாள் முதல் மாதக்கணக்காக இரவுதோறும் அண்ணாவியாரின் மத்தளத்துக்கு ஏற்பப் பழக வேண்டும். வீசாணம், எட்டு, பொடியடி, குத்துமிதி, பாய்ச்சல் என்று ஒவ்வோர் ஆட்டமும் காலில் ஏற வேண்டும். சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்து, அரங்கேற்றத்தன்று கனத்த உடையும் முடியும் தரித்து விடியும்வரை வட்டக்களரியில் ஆட வேண்டும். பகலில் வயலில் சேறு மிதித்தவன் இரவில் வீமனாகவோ கர்ணனாகவோ நிமிர்ந்து நிற்பான். அந்த நிமிர்வு அவனை விட்டு இலகுவில் அகலாது. கோலடித்து ஆடும் வசந்தனும் இவ்வகையினதே. அப்பாடல்களைத் தி. சதாசிவ ஐயர் தொகுத்து ‘மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு’ என 1940இல் நூலாக்கினார். வி.சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ (1964) இம்மண்ணின் வழக்கங்கள் பலவற்றையும் பதிந்து வைத்தது.

இவற்றுள் பெண்ணின் இடம் எது? வடம் இழுத்தவர்கள் ஆண்கள். களரியில் திரௌபதையாகவும் சுபத்திரையாகவும் ஆடியவர்களும் ஆண்களே. பெண்கள் குரவையிட்டார்கள், பந்தலோரம் பாய் விரித்து விடியும்வரை பார்த்தார்கள். அவர்களுக்கென்றும் விளையாட்டுகள் இருந்தன. சித்திரை வருடப் பிறப்புக்கு மாமரத்திலும் புளியமரத்திலும் ஊஞ்சல் கட்டிப் பாடி ஆடினார்கள், கும்மியடித்தார்கள், முற்றத்தில் கிளித்தட்டு மறித்தார்கள், திண்ணையில் கொக்கான் வெட்டினார்கள். ஆனால் பெரியபிள்ளையானதும் கிளித்தட்டு நின்றது. கலியாணத்தோடு ஊஞ்சலும் ஏறக்குறைய நின்றது. அதன்பின் உடம்பு அசைந்ததெல்லாம் உரலுக்கும் அடுப்புக்கும் களைபிடுங்கலுக்குமே. வேலை செய்த உடம்புதானே, தனியாக விளையாட்டு எதற்கு என்று சிலர் கேட்பார்கள். வேலையில் களைத்த உடம்பு வேறு, விளையாடிக் களைத்த உடம்பு வேறு என்பதை இரண்டையும் அறிந்தவள் சொல்வாள்.

பெண்கள் பாடசாலை செய்த பெரும் மாற்றம் இங்கேதான் தொடங்குகிறது. விளையாட்டு நிற்கும் வயதை அது தள்ளிப்போட்டது. 1917இல் கண்டி மகளிர் உயர்தரப் பாடசாலையில் ஜெனி கல்வர்லி என்ற ஆசிரியை இலங்கையின் முதலாவது பெண் சாரணியர் குழுவைத் தொடங்கினார். 1921இல் அதே பாடசாலையின் சாரணியருக்கு வலைப்பந்தாட்டத்தைப் பழக்கியவரும் அவரே. அப்போது அவர் ஜெனி கிறீன். பதினான்கு, பதினைந்து வயதுப் பெண்பிள்ளைகள் திறந்த வெளியில் கூடி ஓடலாம் என்பது அக்காலத்தில் சாதாரண செய்தியல்ல. மிஷன் பாடசாலைகளின் வழியே இப்பழக்கம் நாடெங்கும் பரவியது.

வலைப்பந்து ஏன் எங்கும் வேரூன்றியது என்பதை அதன் விதிகளே சொல்லும். அமெரிக்காவில் 1891இல் பிறந்த கூடைப்பந்தைப் பெண்களுக்கேற்ப மாற்றி இங்கிலாந்தில் 1895 முதல் ஆடிய ஆட்டம் இது. பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. கையில் கிடைத்ததும் இன்னொருத்திக்கு எறிய வேண்டும். ஏழு பேருக்கும் தனித்தனி எல்லை உண்டு. எனவே எவ்வளவு கெட்டிக்காரியானாலும் ஒருத்தி தனியே வெல்ல இயலாது. ஏறத்தாழ 30 மீற்றர் நீளமும் 15 மீற்றர் அகலமும் கொண்ட நிலம், இரண்டு கம்பங்கள், ஒரு பந்து – இவ்வளவும் போதும். 1945இல் வந்த இலவசக் கல்வியின்பின் கிராமங்களில் எழுந்த பாடசாலைகளுக்கும் இது எட்டக்கூடியதாயிற்று. 1960இல் பல நாட்டுப் பிரதிநிதிகள் கொழும்பில் கூடி இவ்விளையாட்டுக்கு ஒரே விதிகளை வகுத்து அனைத்துலகச் சம்மேளனத்தை அமைத்தனர். 1963இல் நடந்த முதலாவது உலகப் போட்டியில் இலங்கை அணியும் ஆடியது.

இல்ல விளையாட்டுப் போட்டி, அணிநடை, உடற்பயிற்சிக் கண்காட்சி, எல்லே, கயிறிழுத்தல் எல்லாம் சேர்ந்து மாணவியின் ஆண்டை நிறைத்தன. வடசேரி, தென்சேரி என்று பிரிந்து வளர்ந்த ஊரில் இல்லங்கள் என்ற ஏற்பாடு புதுமையாகத் தோன்றியிராது. ஒரு வித்தியாசம் மட்டும் இருந்தது: இங்கே வடம் இழுத்தவர்கள் பெண்கள்.

இந்த வளர்ச்சி தடையின்றிப் போகவில்லை. 1978 நவம்பர் சூறாவளி கூரைகளையும் மரங்களையும் சாய்த்தது. அதைவிட நீண்ட இருள் யுத்தம். வாவி வெறும் நீர்ப்பரப்பாக இருக்கவில்லை. இரு கட்டுப்பாட்டுப் பிரதேசங்களின் எல்லையாகியது. வவுணதீவுப் பக்கம் கடப்பதென்றால் சோதனைச் சாவடியைக் கடப்பது என்று பொருள். அந்நிலையில் மாலைப் பயிற்சி என்பது நினைக்கக்கூடிய காரியமல்ல. பொழுதுபடுமுன் பிள்ளை வீடு சேர்ந்தால் போதும் என்பதே தாய்மாரின் வேண்டுதல். 2004 டிசெம்பர் ஆழிப்பேரலை எழுவான்கரையைத் தாக்கியது. 2007இல் படுவான்கரைப் போர் ஓய்ந்தது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின் தெற்கே கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக்குப் படகுப் பாதையை நம்பியிருந்த காலமும் முடிந்தது. வவுணதீவுப் பாடசாலைகள் இன்று மட்டக்களப்பு மேற்கு வலயத்தில் அடங்குகின்றன. கோட்டமட்டம், வலயமட்டம், மாகாணமட்டம் என்று அப்பிள்ளைகளும் படியேறி ஓடுகிறார்கள். தமிழ்மொழித் தினப் போட்டி மேடைகளில் மாணவியர் தாமே கூத்தாடுகிறார்கள். அவர்களுடைய பாட்டிமார் பாயில் இருந்து பார்த்த ஆட்டம் அது.

ஆயினும் பழைய எல்லை முற்றாக அழிந்துவிடவில்லை; பாடசாலைப் படலைக்கு இடம்மாறி நிற்கிறது, அவ்வளவுதான். உயர்தரப் பரீட்சை முடிந்து படலையைத் தாண்டும் நாளில் பெரும்பாலான பெண்களுக்கு விளையாட்டு முடிந்துவிடுகிறது. ஊர்தோறும் விளையாட்டுக் கழகங்கள் உண்டு. மாலையில் மைதானம் இளைஞர்களால் நிறைகிறது. பெண்கள் எங்கே? சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழா நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள். ஆண்களுக்கு மரதன், சைக்கிள் ஓட்டம், வழுக்குமரம். பெண்களுக்குத் தேங்காய் துருவுதல், கிடுகு பின்னுதல். நாள்தோறும் செய்யும் வேலையையே விழா நாளிலும் செய்யச் சொல்லிப் பரிசு கொடுக்கிறோம்.

இது வேடிக்கைக்காகச் சொல்லும் குறையல்ல. வளர்ந்தோர் வாரத்துக்கு 150 நிமிடமாவது உடம்பை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் எம் வீடுகளில் புகுந்துவிட்ட காலம் இது. மருந்துக்கு அப்பாலும் ஒன்றுண்டு. யுத்தத்திலும் அலையிலும் இழப்புகளைச் சுமந்த பெண்களுக்குப் பிறரோடு சேர்ந்து சிரித்து வியர்க்கும் ஒரு மணி நேரம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை விளக்கத் தேவையில்லை.

வயது ஒரு தடையல்ல என்பதற்கு எம்மவளே சான்று. யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து வந்த தர்ஜினி சிவலிங்கம் 2009இல் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை வலைப்பந்து அணியில் ஆடினார். 2018இல் வென்ற அணியிலும் ஆடினார். 2022இல் வென்ற அணியிலும் ஆடினார். பதின்மூன்று ஆண்டுகள்! அவருடைய உயரம் எல்லோருக்கும் வாய்க்காது. நிறுத்தாமல் இருப்பது எல்லோருக்கும் வாய்க்கக்கூடியது.

நூறாண்டு கண்ட சங்கம் என்ற வகையில் நாம் செய்யக்கூடியது பெரிய செலவுள்ள காரியமல்ல. பழைய மாணவியர் தின நிகழ்ச்சிகளில் மதிய உணவுக்கும் உரைகளுக்கும் ஒதுக்கும் நேரத்தோடு ஒரு வலைப்பந்தாட்டத்துக்கும் நேரம் ஒதுக்கலாம். நாற்பது வயதுக்கு மேற்பட்டோர் அணி, ஐம்பதுக்கு மேற்பட்டோர் அணி என ஆடலாம். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் உள்ள கிளைகள் தாம் கூடும் இடத்தில் கயிறிழுத்தலை நடத்தலாம். வாவிக்கு அப்பால், படுவான்கரைப் பாடசாலை ஒன்றுக்கு இரண்டு கம்பங்களும் சில பந்துகளும் கொடுக்கலாம். கொடுக்கும்போது ஒரு நிபந்தனை வைக்கலாம்: வாரத்தில் ஒரு மாலை அந்த நிலம் ஊரின் தாய்மாருக்கும் திறந்திருக்க வேண்டும்.

எம் பாட்டிமாருக்கு விளையாட்டு பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் நின்றது. எமக்குப் பதினெட்டு, பத்தொன்பதில் நின்றது. அந்த ஆறேழு ஆண்டுகளைப் பெற்றுத்தந்தவர்கள் எமது ஆசிரியைகள். எஞ்சிய ஆண்டுகளைப் பெறுவது எம் கையில் இருக்கிறது.