எண்ணறிவும் புற்றுநோய் முன்சோதனை பற்றிய மனப்பாங்கும்

1. வரையறை

எண்ணறிவு என்று நாம் இங்கே குறிப்பது கணக்குப் பாடத் தேர்ச்சியை அன்று. விகிதம், விழுக்காடு, நிகழ்தகவு ஆகியவற்றைத் தம் உடல்நலம் குறித்த முடிவுக்குப் பயன்படுத்தும் ஆற்றலையே. முன்சோதனையாவது, நோய்க்குறி ஏதும் இல்லாதவரிடம் நோயைத் தேடுதல். குறி தோன்றியபின் செய்யும் சோதனை இதில் அடங்காது.

2. அளவீடு

1997இல் வெளிவந்த ஆய்வில் ஷ்வார்ட்ஸ், வோலோஷின் முதலிய ஆய்வாளர்கள் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில், முன்னாள் படைவீரர்களான பெண்களிடம் மூன்று வினாக்கள் கேட்டனர். காசை 1,000 முறை சுண்டினால் தலை எத்தனை முறை விழும்? 1 விழுக்காடு என்பது 1,000 பேரில் எத்தனை பேர்? 1,000இல் ஒருவர் என்பது எத்தனை விழுக்காடு? மூன்றுக்கும் சரியாக விடையளித்தோர் 16 விழுக்காட்டினரே. 30 விழுக்காட்டினர் ஒன்றுக்கும் சரியாக விடையளிக்கவில்லை. ஆய்வில் பங்கேற்ற பெண்களுள் பெரும்பாலோர் உயர்நிலைப் பள்ளியை முடித்தவர்கள். எண்ணறிவு மிக்கவர்களே மேமோகிராம் என்னும் மார்பக ஊடுகதிர்ச் சோதனையின் பயனைக் கூடுதல் சரியாக மதிப்பிட்டனர்.

3. மயக்கத்தின் வகைகள்

முதல் வகை, அடித்தொகை, அதாவது ‘எத்தனை பேரில்’ என்பது, மறைதல். சோதனை செய்யாத 1,000 பேரில் 4 பேரும், செய்துகொண்ட 1,000 பேரில் 3 பேரும் இறப்பதாகக் கொள்வோம். இதை ‘25 விழுக்காடு குறைவு’ என்பது ஒப்புக்குறைவு. ‘1,000இல் ஒருவர் குறைவு’ என்பது தனிக்குறைவு. இரண்டும் உண்மை. ஆயினும் முன்னதை மட்டும் கேட்டவர், 100 பேரில் 25 பேர் பிழைப்பதாகவே எண்ணிவிடுகிறார்.

இரண்டாம் வகை, பொய்நேர் முடிவை, அதாவது நோயற்றவருக்கும் ‘உண்டு’ என்று வரும் முடிவை, கருதாமை. 1,000 பெண்களில் 10 பேருக்கு மார்பகப் புற்று என்க. சோதனை அவர்களுள் 9 பேரைக் காட்டும். நோயற்ற 990 பேரில் சுமார் 89 பேரையும் காட்டும். ஆக, ‘உண்டு’ என்று முடிவு வந்த 98 பேரில் நோயுள்ளோர் 9 பேர். இதே கணக்கை ஜெர்மனியில் உளவியலாளர் கிகரென்சர் 160 மகளிர்நோய் மருத்துவர்களிடம் விழுக்காட்டில் தந்தபோது சரியாகச் சொன்னோர் 21 விழுக்காட்டினர். ஆள் எண்ணிக்கையாக மாற்றிப் பார்க்கப் பயிற்றியபின் 87 விழுக்காட்டினர். எனவே குறையை நோயாளியின் தலையில் மட்டும் ஏற்றுவது முறையன்று என்பது நம் துணிபு.

4. மனப்பாங்கு

2004இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், வழக்கமான முன்சோதனை ஏறத்தாழ எப்போதும் நல்லதே என்றோர் 87 விழுக்காட்டினர். 1,000 டாலர் ரொக்கத்தைவிட முழுவுடல் சி.டி. ஸ்கேனையே விரும்பினோர் 73 விழுக்காட்டினர். இத்தகைய ஆர்வம் அச்சத்தால் மட்டும் பிறப்பதன்று. அடித்தொகை தெரியாமையாலும் வளர்கிறது. அதே அறியாமை, ஒருமுறை பொய்நேர் முடிவால் அலைக்கழிந்தவரைச் சோதனையையே வெறுக்கச் செய்யவும் கூடும். கருப்பைவாய்ப் புற்று போன்றவற்றில் முன்சோதனையின் பயன் தெளிவானது; அங்கே அவ்வெறுப்பு உயிருக்கே கேடு. ஆதலால் சோதனைக்கு அழைக்கும் துண்டறிக்கையில் பயனையும் தீங்கையும் ஒரே அடித்தொகையில், ‘1,000 பேரில் இத்தனை பேர்’ என்றே அச்சிட வேண்டும்.