மணிலாக் கொட்டையின் ஜாதகம்

விழுப்புரத்திலிருந்து கிழக்கே போனால் கோலியனூரில் சாலை இரண்டாகப் பிரியும். ஒன்று கடலூருக்கு; மற்றது புதுச்சேரிக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மணிலாக் கொட்டை மூட்டைகள் வண்டி வண்டியாகப் புதுச்சேரிப் பக்கம்தான் போயின. 1879-ல் ரயிலும் வந்தது. அங்கே கப்பலேறிய கொட்டை பிரான்ஸ் தேசத்து மார்ஸேலில் எண்ணெயாயிற்று, சோப்பாயிற்று.

செடி பிறந்ததோ தென் அமெரிக்காவில். பெயரோ பிலிப்பைன்ஸ் நகரத்தினுடையது. நம் ஜனங்கள் அந்தப் பெயரையும் மென்று ‘மல்லாட்டை’ ஆக்கிவிட்டார்கள்!

1890-களில் சோதனை வந்தது. விதை நலிந்து விளைச்சல் விழுந்தது. பயிரிட்ட நிலமும் சுருங்கியது. மொரீஷியஸிலிருந்து புது விதை வந்த பிறகே குடியானவர்கள் தலைநிமிர்ந்தார்கள். ஆனால் ஒவ்வொரு தடவையும் கப்பலை எதிர்பார்த்துக் கொண்டிருக்க முடியுமா?

திண்டிவனத்து எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தார் குடியாத்தம் கொத்துக் கடலையை எடுத்துக்கொண்டார்கள். நல்ல செடிகளாகப் பொறுக்கி, விதையை ஒன்றுசேர்த்து விதைத்தார்கள். பார்ப்பதற்கு நம் பாட்டிமார் முறத்தை வைத்துக்கொண்டு செய்த காரியம்தான். பாட்டி பார்த்தது மணியை. இவர்கள் பார்த்தது செடியை. பெரிய வித்தியாசம் அது.

ஒட்டுச் சேர்ப்பது இன்னும் கஷ்டம். கடலைப் பூ விடியற்காலையில் மலர்வதற்குள் தனக்குத் தானே கல்யாணத்தை முடித்துக்கொண்டுவிடும். ஆகவே முதல் நாள் மாலையே மொட்டைப் பிரித்து, மகரந்தப் பைகளை இடுக்கியால் களைய வேண்டும். மறுநாள் காலையில் வேறொரு செடியின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். இவ்வளவுக்கும் பலன், ஒரு பூவுக்கு ஒரு காய். அதில் இரண்டு பருப்பு.

குடியாத்தம் கடலையிலிருந்து பொறுக்கிய ரகம் 1940-ல் வெளிவந்தது. பெயர் டி.எம்.வி. 2. அதே வருஷம் ஜூன் மாதம் பிரான்ஸ் ஜெர்மானியரிடம் வீழ்ந்தது. மார்ஸேல் வழி அடைபட்டது. விதை நிற்கவில்லை. ஆந்திரத்துக்கும் கர்நாடகத்துக்கும் போய், பல பத்தாண்டுகள் வயலை ஆண்டது.

குறை இல்லாமலில்லை. கொத்துக் கடலைக்கு விதையுறக்கம் கிடையாது. அறுவடைச் சமயத்தில் மழை பிடித்தால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். கொடிக்கடலை அப்படி அவசரப்படாது. ஆனாலும் ஏறக்குறைய நூற்றைந்து நாளில் விளைந்து, கையால் பிடுங்க வரும் செடியை யார் விடுவார்கள்? நிலம் காயுமுன் வேலை முடிய வேண்டுமே.

மூன்றெழுத்தும் திண்டிவனத்தைத்தான் குறிக்கின்றன. 1967-ல் அதே முத்திரையோடு டி.எம்.வி. 7 வந்தது. அதன் மூதாதை, அமெரிக்காவின் டென்னஸி வெள்ளைக் கடலை.