கிளிக் பண்ணினா உடனே எடுக்கணும்... சின்ன ஃபிலிம் கேமரா வாங்கும் முன் கவனிக்க வேண்டியது என்ன?

பென்னாகரத்தில் பஸ் ஏறி, காட்டுப் பாதையில் சுமார் 16 கி.மீ. போனால் ஒகேனக்கல். அங்கே பாறைகளுக்கு நடுவே பரிசல் போகும்போது, பரிசல்காரர் துடுப்பை ஒரு பக்கமாகப் போட்டு பரிசலை ஒரு சுற்று சுற்றிவிடுவார். பயமும் சிரிப்பும் ஒன்றாக வரும் அந்த முகம்தான் எல்லோருக்கும் வேண்டிய படம்.

செல்போன் என்றால் அந்த நேரத்தில் 20 படம் தட்டிவிட்டு, நல்லதை மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஃபிலிம் கேமராவில் அது நடக்காது. ஒரு ரோலுக்கு 36 படம், அவ்ளோதான். ரோல் விலை, கழுவும் செலவு, ஸ்கேன் செலவு எல்லாம் சேர்த்து 1,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், ஒவ்வொரு கிளிக்கும் சுமார் 28 ரூபாய். படம் சரியாக வந்ததா என்பது ரோல் கழுவி வந்த பிறகுதான் தெரியும்.

பழைய ஃபிலிம் கேமரா மீது இளைஞர்களுக்கு மறுபடியும் ஆசை வந்திருக்கிறது. பாக்கெட்டில் போடும் அளவுக்குச் சின்னதாக இருக்கணும், அழுத்தினதும் எடுக்கணும் என்பதுதான் பலரும் கேட்பது. இதில் இரண்டாவது விஷயத்தில்தான் ஏமாற்றம் அதிகம். அதற்கு என்ன காரணம், எப்படித் தவிர்ப்பது? பார்க்கலாம்.

ஷட்டர் வேகம் வேறு, ஷட்டர் தாமதம் வேறு

விற்பனை விளம்பரத்தில் "ஷட்டர் வேகம் 1/500" என்று போட்டிருந்தால், கேமரா சீக்கிரமாக எடுக்கும் என்று நினைத்துவிடுகிறோம். அது தவறு. ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. பட்டனை அழுத்திய பிறகு ஷட்டர் எப்போது திறக்கும் என்பதை அது சொல்லாது.

விரல் பட்டனை முழுதாக அழுத்தியதற்கும் ஷட்டர் திறப்பதற்கும் இடையே உள்ள நேரம்தான் ஷட்டர் தாமதம். 1/500 வேகம் உள்ள கேமராவும் அரை வினாடி தூங்கிவிட்டு எடுக்கலாம். படம் துல்லியமாகத்தான் இருக்கும். ஆனால் சிரிப்பு முடிந்திருக்கும்.

அரை வினாடியில் என்ன ஆகிவிடும்?

ஒரு சின்ன கணக்கு. பரிசல் ஒரு முழுச் சுற்றுக்கு 4 வினாடி எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். அரை வினாடியில் அது 45 டிகிரி திரும்பிவிடும். கரையில் நின்று எடுப்பவருக்கு நேராகத் தெரிந்த முகம், படத்தில் பக்கவாட்டில் போய்விடும்.

ஓடிவரும் குழந்தை வினாடிக்கு 3 மீட்டர் ஓடினால், அரை வினாடியில் ஒன்றரை மீட்டர் தாண்டிவிடும். கேமரா ஃபோகஸ் செய்த இடம் ஒன்று, குழந்தை இருக்கும் இடம் வேறு. தருணமும் போச்சு, துல்லியமும் போச்சு.

அந்த நேரத்தில் கேமரா என்ன செய்கிறது?

ஆட்டோஃபோகஸ் உள்ள காம்பாக்ட் கேமராவில் பட்டனை ஒரேயடியாக அழுத்தினால் வரிசையாக சில வேலைகள் நடக்கும். முதலில் வெளிச்சத்தை அளக்கும். பிறகு தூரத்தை அளக்கும். அடுத்து, சின்ன மோட்டார் லென்ஸை அந்தத் தூரத்துக்கு நகர்த்தும். கடைசியில்தான் ஷட்டர் திறக்கும். இதில் அதிக நேரம் சாப்பிடுவது தூரம் அளப்பதும் லென்ஸ் நகர்வதும்தான்.

இன்னொரு திருடன் பிளாஷ். இருட்டில் கண் சிவப்பாக வராமல் இருக்க, சில கேமராக்கள் முன்கூட்டியே விளக்கைச் சில முறை மின்னவிட்டு, அதன் பிறகே படம் எடுக்கும். முதல் மின்னலைப் பார்த்ததும் "எடுத்தாச்சு" என்று எதிரே நிற்பவர்கள் திரும்பிவிடுவார்கள். கல்யாண வீட்டு ஆல்பங்களில் பாதிக் கண் மூடிய முகங்களுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஜப்பானின் கோனிகா நிறுவனம் 1977-ல் கொண்டுவந்த சி35 ஏஎஃப் தான், பெரிய அளவில் தயாராகி விற்பனைக்கு வந்த முதல் ஆட்டோஃபோகஸ் கேமரா. 1979-ல் கேனான், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை அனுப்பித் தூரம் அளக்கும் காம்பாக்டை வெளியிட்டது. தூரம் கணிக்கத் தெரியாதவர்களும் படம் எடுக்க முடிந்தது பெரிய மாற்றம்தான். அதற்குக் கொடுத்த விலைதான் இந்தக் காத்திருப்பு.

அப்போ, தாமதமே இல்லாத கேமரா உண்டா?

கிட்டத்தட்ட உண்டு. அழுத்தும் நேரத்தில் ஃபோகஸ் தேடாத கேமரா அது. இதில் இரண்டு வகை.

முதல் வகை, ஃபோகஸ் மாற்றவே முடியாத கேமரா. லென்ஸ் ஒரு தூரத்தில் நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும். 1990-களில் இந்திய வீடுகளில் புழங்கிய யாஷிகா எம்எஃப்-2 சூப்பர், கோடக் கேபி10 போன்றவை இந்த வகை. அழுத்தினால் உடனே எடுக்கும். பலவீனம், பக்கத்தில் இருப்பவர் மங்கலாக வருவார். பொதுவாக ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளி நிற்பவர்களை எடுப்பதே பாதுகாப்பு. புதிதாகச் செலவு செய்யும் முன், வீட்டுப் பீரோவில் தாத்தாவோ மாமாவோ வைத்த கேமரா இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது வகை, தூரத்தை முன்கூட்டியே நாமே வைக்கும் ஜோன் ஃபோகஸ் கேமரா. ஒரு ஆள், ஒரு குழு, ஒரு மலை என்று படங்கள் போட்டிருக்கும். எதிரே இருப்பதற்கு ஏற்ப அதைத் திருப்பிவைத்தால் போதும்.

தூரத்தைக் கண்ணால் கணிப்பது தப்பாகிவிடாதா? பகல் வெளிச்சத்தில் பயப்பட வேண்டியதில்லை. 35 மி.மீ. லென்ஸில் எஃப் 8 அளவில் 3 மீட்டருக்கு ஃபோகஸ் வைத்தால், சுமார் 1.9 மீட்டரில் இருந்து 7 மீட்டர் வரை எல்லாமே தெளிவாக விழும். கரையில் நின்று, பக்கத்தில் வரும் பரிசலை எடுக்க இது தாராளம். ஒரே பரிசலில் எதிரே உட்கார்ந்திருப்பவரை எடுக்க, ஃபோகஸை ஒன்றரை மீட்டருக்குக் கொண்டுவர வேண்டும். அப்போது சுமார் 1.2 முதல் 2.1 மீட்டர் வரை தெளிவு கிடைக்கும்.

வெளிச்சம் குறையக் குறைய இந்தத் தெளிவான எல்லை சுருங்கும். அதனால் சாயங்காலம், மரநிழல் என்றால் ஐஎஸ்ஓ 400 ஃபிலிம் நல்லது. உச்சி வெயிலுக்கு 200 போதும்.

எந்த மாடலைப் பார்க்கலாம்?

ஒலிம்பஸ் எக்ஸ்ஏ2: 1980-ல் வந்தது. மூன்றே ஃபோகஸ் நிலைகள். மூடியைத் தள்ளித் திறந்தால் கேமரா தயார். மூடும்போது ஃபோகஸ் தானாகவே நடு நிலைக்கு வந்துவிடும். அதனால் அவசரத்தில் திறந்து அழுத்தினாலும் சில மீட்டர் தள்ளி இருப்பவர்கள் பெரும்பாலும் தெளிவாக வருவார்கள். வேகமாக எடுக்க நினைப்பவர்களுக்குக் கச்சிதமான தேர்வு.

ஒலிம்பஸ் ட்ரிப் 35: 1960-களின் பிற்பகுதியில் வந்து, 1984 வரை தயாரிக்கப்பட்டது. பேட்டரியே வேண்டாம். லென்ஸைச் சுற்றியுள்ள செலினியம் வளையம் வெளிச்சத்தை அளக்கும். வெளிச்சம் போதவில்லை என்றால் வியூஃபைண்டரில் சிவப்புக் கொடி எழும்பி, ஷட்டர் பூட்டிக்கொள்ளும். பகலில் நம்பலாம், இருட்டில் வேண்டாம்.

ஒலிம்பஸ் மியூ 2: 1997-ல் வந்த ஆட்டோஃபோகஸ் கேமரா. சாரல் தாங்கும். ஆனால் மூடித் திறக்கும் ஒவ்வொரு முறையும் பிளாஷ் ஆட்டோவுக்குத் திரும்பிவிடும். அதை அணைக்க மறந்தால் நேரமும் போகும், படமும் போகும்.

ரிக்கோ ஜிஆர்1: 1996-ல் வந்தது. ஆட்டோஃபோகஸ் இருந்தாலும், அதை ஒதுக்கிவிட்டு ஃபோகஸை ஒரே தூரத்தில் நிறுத்தும் 'ஸ்னாப்' வசதி உண்டு. விலை அதிகம்.

பென்டாக்ஸ் 17: 2024-ல் வந்த புது கேமரா. ஜோன் ஃபோகஸ் தான். பாதி ஃபிரேம் என்பதால் 36 படம் எடுக்கும் ரோலில் 72 படம் எடுக்கலாம். பழைய கேமரா ரிப்பேர் ஆகுமோ என்ற பயம் இல்லை.

இந்தப் பட்டியலில் ஒரு விஷயம் தெரியும். வேகத்துக்கும் விலைக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. 40 வருடம் பழைய எக்ஸ்ஏ2, அதைவிடப் பல மடங்கு விலைபோகும் ஆட்டோஃபோகஸ் கேமராக்களை முந்தும். காரணம், அழுத்தும் நேரத்தில் அதற்குச் செய்ய வேண்டிய வேலை குறைவு.

கையில் ஏற்கனவே ஆட்டோஃபோகஸ் கேமரா இருக்கா?

தூக்கிப் போட வேண்டாம். மூன்று பழக்கம் போதும்.

ஒன்று, பட்டனைப் பாதி அழுத்திப் பிடித்துக் காத்திருங்கள். தூரம் அளக்கும் வேலை அப்போதே முடிந்துவிடும். பரிசல் திரும்பும் நேரத்தில் மீதியை அழுத்தினால் போதும். சில மாடல்களில் லென்ஸ் முழு அழுத்தத்துக்குப் பிறகே நகரும் என்பதால் கொஞ்சம் தாமதம் மிஞ்சும். ஆனால் பெரும்பகுதி குறைந்துவிடும்.

இரண்டு, இரண்டு பேரை எடுக்கும்போது நடுவில் உள்ள இடைவெளியைக் குறி வைக்காதீர்கள். கேமரா பின்னால் இருக்கும் பாறைக்கு ஃபோகஸ் வைத்துவிடும். ஒருவர் முகத்தில் வைத்துப் பாதி அழுத்தி, பிறகு ஃபிரேமை நகர்த்துங்கள்.

மூன்று, கண் சிவப்பைக் குறைக்கும் பிளாஷை அணைத்துவிடுங்கள். பஸ் ஜன்னல் கண்ணாடி வழியாக எடுப்பதாக இருந்தால், அகச்சிவப்புக் கதிர் கண்ணாடியிலேயே ஏமாந்துவிடலாம். கேமராவில் மலைக் குறி இருந்தால் அதை அழுத்திவிட்டு எடுங்கள்.

வாங்கும் முன் செல்போனிலேயே சோதிக்கலாம்

பல செல்போன்களில் வினாடிக்கு 240 ஃபிரேம் எடுக்கும் ஸ்லோ மோஷன் இருக்கிறது. கொஞ்சம் வெளிச்சம் குறைந்த அறையில் கேமராவின் பிளாஷை அணைத்து, விரலும் லென்ஸும் ஒன்றாகத் தெரியும்படி முன்பக்கம் இருந்து வீடியோ எடுங்கள். ஃபிலிம் தேவையில்லை. அந்த வீடியோ 8 மடங்கு மெதுவாக ஓடும். விரல் முழுதாக அமுங்கியதில் இருந்து ஷட்டர் திறக்கும் வரை வீடியோவில் 1 வினாடி ஆனால், உண்மையான தாமதம் 0.125 வினாடி. இது நல்ல கேமரா. 4 வினாடி ஆனால் உண்மையில் அரை வினாடி. பரிசலுக்கும் குழந்தைகளுக்கும் இது ஆகாது.

ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால், இந்த வீடியோவை எடுத்து அனுப்பச் சொல்லி விற்பவரிடமே கேளுங்கள். "சோதிக்கவில்லை" என்று போட்டு விற்கும் கேமராவை, ஓடாத கேமரா என்றே நினைத்து விலை பேசுங்கள். பேட்டரி வைக்கும் இடத்தில் பச்சைப் படிவு, லென்ஸுக்குள் பூஞ்சை, பின்கதவு ஓரத்தில் பிசுபிசுக்கும் ஸ்பாஞ்ச் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

பென்னாகரம் போன்ற ஊரில் இருந்தால்...

பேட்டரியை முதலில் கவனியுங்கள். எக்ஸ்ஏ2-க்கு வாட்ச் கடையில் கிடைக்கும் எல்ஆர்44 பட்டன் செல் இரண்டு போதும். மியூ 2-க்கு சிஆர்123ஏ வேண்டும். அது எல்லாக் கடையிலும் இருக்காது. ஒன்று கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கழுவும் இடம். ஊர் ஸ்டுடியோக்கள் எல்லாம் டிஜிட்டலுக்கு மாறிவிட்ட காலம் இது. கலர் ஃபிலிமுக்கு சி-41 முறையில் கழுவும் லேப் வேண்டும். பெங்களூருக்கோ சென்னைக்கோ கூரியரில் அனுப்ப வேண்டியிருக்கலாம். அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்த பிறகே கேமராவுக்கு விலை பேசுங்கள்.

ஃபிலிமும் இப்போது பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்குதான். 1960-ல் ஊட்டியில் தொடங்கப்பட்ட பொதுத்துறை நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் ஃபிலிம் விற்ற காலம் முடிந்துவிட்டது.

ஒகேனக்கல் போகும்போது கேமராவை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொள்ளுங்கள். நீர்வரத்து கூடினால் பரிசலுக்கும் குளிப்பதற்கும் தடை போடுவார்கள், அதைத் தெரிந்துகொண்டு கிளம்புங்கள். படத்துக்காக பரிசலில் எழுந்து நிற்கவோ, லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றவோ கூடாது.

சுருக்கமாகச் சொன்னால், பகலில் நடமாடும் மனிதர்களை எடுக்கத்தான் கேமரா என்றால் ஜோன் ஃபோகஸ் வகையை வாங்குங்கள். இருட்டில், வீட்டுக்குள், தூரம் கணிக்கும் தொந்தரவே வேண்டாம் என்றால் ஆட்டோஃபோகஸ் வாங்கி, பாதி அழுத்தும் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். எதுவானாலும் பரிசலில் ஏறும் முன்பே ஃபோகஸை வைத்துவிட்டுக் காத்திருங்கள். பரிசல்காரர் துடுப்பை ஒரு பக்கம் சாய்க்கும்போது, விரல் பட்டனில் தயாராக இருக்கணும்.