குங் மகாலும் மனாகுவா பள்ளிக்கூடமும்

1582-இல் அக்பர் ஒரு வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறார். உள்ளே நாலு வயசுப் பிள்ளைகள். பேச்சு இல்லை, கூப்பாடு இல்லை, ஊமைகள் எழுப்பும் சத்தம் மட்டும்தான் வந்தது என்று அக்பர்நாமாவில் அபுல் ஃபசல் எழுதி வைத்திருக்கிறார். அந்த வீட்டின் பெயர் குங் மகால். பாரசீகத்தில் குங் என்றால் ஊமை.

பேச்சு என்பது காதால் கேட்டு வருவது என்பது அக்பரின் கட்சி. நம்பாதவர்களுக்குக் காட்டத்தான் இந்த வீடு என்கிறார் அபுல் ஃபசல். அக்பரைப் பிடிக்காத பதாயூனி மிச்சக் கதையைச் சொல்கிறார். ஏறத்தாழ இருபது கைக்குழந்தைகளைத் தாய்மாரிடம் காசு கொடுத்து வாங்கினார்களாம். செவிலிகள் வாய் திறக்கக்கூடாது. சில பிள்ளைகள் அங்கேயே செத்தும்போயின.

இதே சோதனையை எகிப்திய மன்னன் சாமெட்டிகஸ் செய்ததாக ஹெரோடோட்டஸ் சொல்வது பலருக்குத் தெரிந்திருக்கும். அங்கே ஆட்டிடையனிடம் வளர்ந்த இரண்டு பிள்ளைகள் 'பெக்கோஸ்' என்றனவாம். அது ஃபிரிஜிய மொழியில் ரொட்டி. ஆகவே ஃபிரிஜியர்களே மூத்த குடி! பிள்ளைகள் ஆட்டின் சத்தத்தைத் திருப்பிச் சொல்லியிருக்கும், அவ்வளவுதான். அக்பர் இந்த வகையில் எவ்வளவோ மேல். அவர் சொன்ன முடிவு சரியாகவும் வந்தது.

ஆனால் ஒரு விஷயம். கேட்காவிட்டால் பேச்சு வராது என்பது சரி. கேட்காவிட்டால் மொழியே வராது என்பதும் சரியா? இதற்குப் பதில் கிடைக்க நானூறு வருஷம் ஆயிற்று. யாரும் சோதனை என்று நினைத்துச் செய்யாத இடத்தில் கிடைத்தது.

நிகரகுவாவில் காது கேளாத பிள்ளைகள் அதுவரை அவரவர் வீட்டுக்குள் தனித்தனியாக இருந்தார்கள். வீட்டாரோடு பேச நாலைந்து கைஜாடை. 1977-இல் தலைநகர் மனாகுவாவில் ஒரு சிறப்புப் பள்ளி வந்தது. 1979 புரட்சிக்குப் பிறகு இன்னொன்று. சில வருஷங்களில் நானூறுக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்துவிட்டார்கள். வாத்தியார்கள் உதட்டசைவைப் பார்த்து ஸ்பானியம் படிக்கச் சொன்னார்கள். அது ஏறவே இல்லை. ஆனால் விளையாட்டுத் திடலிலும் பள்ளிப் பேருந்திலும் பிள்ளைகளின் கைகள் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தன. என்ன நடக்கிறது என்று வாத்தியார்களுக்குப் புரியவில்லை. 1986-இல் கல்வி அமைச்சகம் ஜூடி கெகல் என்ற அமெரிக்க மொழியியலாளரை வரவழைத்தது. இலக்கணத்தோடு ஒரு புது மொழி அங்கே உருவாகிக்கொண்டிருந்தது. இன்று அது நிகரகுவா சைகை மொழி.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஆன் செங்கஸ் குழுவினர் 2004-இல் வெளியிட்ட ஆய்வு. ஒரு கார்ட்டூன் பூனை தெருவில் உருண்டுகொண்டே கீழே போகிறது. அதைப் பார்த்துவிட்டுக் கதை சொல்ல வேண்டும். முதல் செட் மாணவர்கள் பெரும்பாலும் உருள்வதையும் இறங்குவதையும் ஒரே கையசைவில் காட்டினார்கள். காது கேட்கும் நிகரகுவாக்காரர்கள் பேசும்போது கையை ஆட்டுவதும் அப்படித்தான். பின்னால் சின்ன வயசில் வந்து சேர்ந்த பிள்ளைகளோ அதிகமாக 'உருள்' என்று ஒரு சைகை, 'இறங்கு' என்று அடுத்த சைகை எனப் பிரித்துப் போட்டார்கள். நம் தொழில் பாஷையில், ஒரே கட்டியாக இருந்த புரோகிராமை உடைத்துத் தனித்தனி ஃபங்ஷனாக எழுதுவது போல. பிரித்துவிட்டால் 'உருள்' என்பதை வேறெந்த வாக்கியத்திலும் செருகிக்கொள்ளலாமே. இதை அவர்களுக்கு யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. பெரியவர்கள் தந்தது அரைகுறை, பிள்ளைகள் எடுத்துக்கொண்டது அதைவிட ஒழுங்கானது.

இப்போது குங் மகாலைப் பாருங்கள். அங்கேயும் பிள்ளைகள் கூட்டமாகத்தானே இருந்தார்கள்? அவர்களுக்குள் கைஜாடை இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். அபுல் ஃபசல் எழுதியது காதுக்கு எட்டியதைப் பற்றி. ஆனால் அப்படி ஏதாவது முளைத்திருந்தாலும், மனாகுவாவில் வருஷா வருஷம் வந்த அடுத்த செட் அங்கே வரவில்லை. மனாகுவாவிலேயே பத்து வயசு தாண்டி வந்து சேர்ந்தவர்களுக்கு, அதே திடலில் அதே நண்பர்களோடு எத்தனை வருஷம் இருந்தும், சின்னவர்களின் சரளம் கடைசிவரை வரவில்லை.