கைத்தசை இறுக்கம்: கருத்தும் சிகிச்சையும் மாறிவந்த வரலாறு

முன்னுரை

பக்கவாதம் தாக்கியபோது துவண்டு விழுந்த கை, நாள்கள் செல்லச் செல்ல இறுகத் தொடங்குவதுண்டு. முழங்கை மடங்கும், மணிக்கட்டு வளையும், விரல்கள் உள்ளங்கைக்குள் சுருளும். மருத்துவர்கள் இதை ஸ்பாஸ்டிசிட்டி என்கின்றனர். இறுக்கத்தைத் தளர்த்தினால் கை தானே இயங்கும் என்ற நம்பிக்கை எங்கிருந்து பிறந்தது, எந்தச் சான்றுகளால் அது திருத்தப்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

அனிச்சையே காரணம்

1898இல் சார்லஸ் ஷெரிங்டன், பெருமூளைத் தொடர்பு துண்டிக்கப்பட்ட விலங்குகளின் கால்கள் விறைப்பதை விவரித்தார். தண்டுவடத்துக்குள் நுழையும் உணர்வு நரம்பு வேர்களை அறுத்ததும் அந்த விறைப்பு தளர்ந்தது. இதே வழியில், பிரெஸ்லாவ் நகரின் ஓட்ஃபிரிட் ஃபோயர்ஸ்டர் 1908இல் நோயாளிகளுக்கான நரம்பு வேர் அறுவையை அறிமுகப்படுத்தினார். இழுக்கப்படும் தசை தண்டுவடத்தின் தூண்டலால் அனிச்சையாகச் சுருங்குகிறது என்பதை 1924இல் லிடெலும் ஷெரிங்டனும் நிறுவினர். 1980இல் ஜேம்ஸ் லான்ஸ் தந்த வரையறை இந்த மரபின் உச்சம்: தசையை எவ்வளவு வேகமாக இழுக்கிறோமோ, அவ்வளவுக்கு அனிச்சையின் எதிர்ப்பும் கூடும்.

அளவுகோலின் குறை

1964இல் ஆஷ்வொர்த், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளிடம் ஒரு மருந்தைச் சோதிக்க எளிய அளவுகோல் ஒன்றை வகுத்தார். அதை போகனனும் ஸ்மித்தும் 1987இல் திருத்தி, முழங்கையை மடக்கும் தசைகளில் சோதித்தனர். நோயாளியின் கையை மற்றவர் நீட்டும்போது உணரும் எதிர்ப்பையே அது மதிப்பிடுகிறது. அந்த எதிர்ப்புக்கு அனிச்சை காரணமா, அசையாமல் கிடந்து தசையே குறுகிப்போனதா என்பதை அது பிரித்துக் காட்டாது. 1996இல் ஓட்வையர் குழு பக்கவாத நோயாளிகள் 24 பேரின் முழங்கைத் தசைகளை ஆராய்ந்தது. எதிர்ப்பு கூடுவது அனிச்சையின் மிகையோடு அல்ல, தசை குறுகுவதோடுதான் தொடர்புடையது எனக் கண்டது. குறுகிய தசையை அனிச்சையை அடக்கும் மருந்து நீட்டாது.

மாத்திரையிலிருந்து ஊசிக்கு

1962இல் சீபா நிறுவனத்தில் வலிப்புக்காக உருவாக்கப்பட்ட பேக்லோஃபென், தசை இறுக்கத்துக்கே பயன்பட்டது. மாத்திரையாக உட்கொண்டால் அது உடல் முழுவதும் பரவுவதால் தூக்கக் கலக்கமும் சோர்வும் உண்டாகும். போட்டுலினம் நச்சோ, ஊசி போட்ட தசையில் அசிட்டைல்கோலின் வெளிப்படுவதைச் சில மாதங்கள் தடுக்கிறது. ஆலன் ஸ்காட் மாறுகண்ணுக்குப் பயன்படுத்திய இம்மருந்து, பின்னர் பக்கவாதக் கைகளுக்கும் வந்தது. 2002இல் பிராஷியர் குழு 126 பேரிடம் நடத்திய ஆய்வு, மணிக்கட்டும் விரல்களும் தளர்வதை உறுதிசெய்தது. 2010இல் அமெரிக்கா கையின் இறுக்கத்துக்கு இதை அங்கீகரித்தது.

ஆனால் 2011இல் பிரிட்டனில் 333 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு வேறு கோணத்தைக் காட்டியது. இறுக்கம் குறைந்தது, உள்ளங்கையைக் கழுவுவதும் சட்டைக்கையை மாட்டுவதும் எளிதாயின. பொருளைப் பிடித்து எடுக்கும் திறனில் மட்டும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை.

பயிற்சியின் இடம்

1940களில் லண்டனில் பெர்ட்டா போபாத் வகுத்த இயன்முறை, முதலில் இறுக்கத்தை அடக்குவதை வலியுறுத்தியது. எட்வர்ட் டாப் இதற்கு மாறாக, நல்ல கையைக் கட்டுப்படுத்தி, பாதித்த கையை ஓயாமல் பயன்படுத்த வைத்தார். இம்முறை கையின் திறனை மேம்படுத்துவதை 2006இல் வெளியான, 222 பேர் பங்கேற்ற ஆய்வு காட்டியது. மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவு நீட்ட முடிந்தவர்களே அதில் சேர்க்கப்பட்டனர்.

முடிவுரை

இறுக்கமும் இயக்க இழப்பும் மூளைச் சேதத்தின் இரு தனி விளைவுகள். ஒன்றைத் தீர்த்தால் மற்றது தானாகத் தீராது. எனவே ஊசிக்கு முன்பே நோக்கத்தை முடிவுசெய்ய வேண்டும். வலி குறைய வேண்டுமா, நகம் வெட்ட உள்ளங்கை விரிய வேண்டுமா, கை வேலைசெய்ய வேண்டுமா? முதல் இரண்டுக்கு ஊசியே பெரிதும் உதவக்கூடும். மூன்றாவதற்குப் பயிற்சி இன்றியமையாதது. இறுக்கம் திடீரெனக் கூடினால், மருந்தின் அளவை உயர்த்துமுன் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப்புண் போன்ற தூண்டுதல்களைத் தேடுவதும் இந்தப் பகுத்தறியும் முறையின் பகுதியே.