ரெண்டு ரிசர்வும் ஒரு தங்கச் சுரங்கமும்

அறந்தாங்கி பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீ குடிக்கும்போது, ஷேர் மார்க்கெட்டில் புதுசாக இறங்கியிருக்கும் நண்பர் ஒருத்தர் கேட்டார். "அண்ணே, சின்ன சுரங்கக் கம்பெனி ஒண்ணு இருக்கு. மொத்த ஷேரோட விலையே இருபது கோடிதான். ஆனா ரிசர்வ் மட்டும் முப்பது கோடி! வாங்கிப் போடலாமா?"

எந்த ரிசர்வ், மண்ணுக்குள்ள இருக்கறதா, பேலன்ஸ் ஷீட்டுல இருக்கறதா என்று கேட்டேன். மனுஷன் முழித்தார். முழிக்க வேண்டிய விஷயம்தான். சுரங்கத் தொழிலில் இந்த ஒரு வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம். பூமிக்குள் தோண்ட மிச்சமிருக்கும் தாதுவும் ரிசர்வ். வருஷா வருஷம் டிவிடெண்ட் கொடுத்தது போக கம்பெனி தக்கவைத்துக்கொண்ட லாபமும் ரிசர்வ். இதில் வேடிக்கை என்னன்னா, முதல் ரிசர்வ் குறையக் குறையத்தான் ரெண்டாவது ஏறும்.

ஒரு சும்மா கணக்கு. பத்து வருஷம் தோண்டக்கூடிய சுரங்கம் ஒண்ணை பத்து கோடிக்கு வாங்குகிறீர்கள். செலவு போக வருஷத்துக்கு ரெண்டு கோடி மிஞ்சுகிறது. அதை அப்படியே லாபம் என்று எழுதி, ஒரு கோடியைப் பங்குதாரருக்குக் கொடுத்து, ஒரு கோடியைத் தக்கவைக்கிறீர்கள். பத்தாம் வருஷம் புத்தகத்தில் பத்து கோடி ரிசர்வ் பளபளக்கும். ஆனால் கீழே வெறும் குழி. அந்தப் பத்து கோடி நீங்கள் போட்ட முதல்தானே தவிர சம்பாத்தியம் இல்லை. மளிகைக் கடைக்காரர் சரக்கை விற்றால் மறுபடி வாங்கி அடுக்கலாம். சுரங்கக்காரருக்கு அந்த வசதி கிடையாது.

இந்தச் சண்டை அந்தக் காலத்திலேயே கோர்ட்டு வரைக்கும் போயிருக்கிறது. சுவிட்சர்லாந்தில் தார்ப்பாறை வெட்டிய நியூஷாடெல் அஸ்பால்ட் என்ற கம்பெனி மீது லீ என்ற பங்குதாரர் லண்டனில் வழக்குப் போட்டார். சுரங்கம் கரைகிறது, அதற்கு ஒதுக்காமல் டிவிடெண்ட் கொடுக்கிறார்கள், இது முதலையே எடுத்துக் கொடுப்பதாகும் என்பது வாதம். 1889-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. கரையும் சொத்தை வைத்திருக்கும் கம்பெனி, அந்தத் தேய்மானத்தை ஈடுகட்டாமலே லாபத்தைப் பிரித்துக் கொடுக்கலாம். எனக்கென்னவோ அதில் நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது. குழி காலியாவது எல்லாருக்கும் தெரிந்தால், காசை அவரவர் கையில் கொடுத்துவிடுவது நேர்மைதான். தெரியாதவன்தான் மாட்டுவான். இன்றைய கணக்கு விதிகளின்படி தோண்டிய அளவுக்கு ஏற்ப சுரங்கத்தின் மதிப்பைக் கழித்துத்தான் லாபம் காட்ட முடியும். அப்படியும் ஒரு சந்தேகம் தீராது. தக்கவைத்த லாபம் என்பது கல்லாவில் இருக்கும் பணம் இல்லை. அது மெஷினாகவோ, கடனாகவோ, இன்னொரு கம்பெனிக்குக் கொடுத்த அட்வான்ஸாகவோ மாறிப் போயிருக்கும்.

அப்போ ரிசர்வே இல்லாமல் நஷ்டத்தில் கிடக்கும் கம்பெனியை ஒதுக்கிவிடலாமா? அங்கேதான் நம்ம பக்கத்துக் கதை ரெண்டு இருக்கு.

முதல் கதை பந்தலூர், தேவாலா. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பிரோ ஸ்மித் என்ற சுரங்க நிபுணர் வயநாட்டில் தங்கம் இருப்பதாக அறிக்கை கொடுக்க, 1879 கடைசியிலிருந்து ரெண்டே வருஷத்தில் லண்டனில் நாற்பது கம்பெனி வரை முளைத்தன. மூலதனம் ஏறக்குறைய 50 லட்சம் பவுண்டு. அதில் பெரும்பங்கு நிலம் வாங்கவே போய்விட்டது. இலைநோய் வந்து நொந்து கிடந்த காபித் தோட்டங்களை தங்க விலைக்குத் தள்ளிவிட்டார்கள். சில வருஷத்தில் எல்லாம் காலி.

ரெண்டாவது கோலார். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம்ம ஜனங்கள் போய் உயிரைக் கொடுத்துத் தோண்டிய ஊர். 1880-ல் தொடங்கிய மைசூர் கோல்டு மைனிங் கம்பெனி, மூணு நாலு வருஷத்தில் 1,35,000 பவுண்டு மூலதனத்தில் 13,000 சொச்சத்துக்கு இறங்கிவிட்டது. கடையை மூடலாமா என்று பேச்சு. ஜான் டெய்லர் மிச்சக் காசையும் தோண்டுவதிலேயே போடச் சொன்னார். கேப்டன் பிளம்மர் என்பவர், பழங்காலத்தில் யாரோ தோண்டிவிட்டுப் போன குழிகளுக்கும் கீழே இறங்கிப் போய் சாம்பியன் படிவத்தைப் பிடித்தார். அப்புறம் டிவிடெண்ட் மழைதான்.

ரெண்டு பேர் பேலன்ஸ் ஷீட்டையும் 1883-ல் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே மாதிரிதான் தெரிந்திருக்கும். தக்கவைத்த லாபம் பூஜ்யம், முதல் கரைந்துவிட்டது. காசு எங்கே போச்சு என்பதில்தான் வித்தியாசம். ஒண்ணில் நிலம் விற்றவன் பாக்கெட்டுக்கு, இன்னொண்ணில் பூமிக்குள். நண்பரிடம் அந்த முப்பது கோடிக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் குறிப்புகளைப் படிக்கச் சொன்னதும், தாது இன்னும் எத்தனை வருஷத்துக்கு, குழியை மூடும் செலவுக்கு ஒதுக்கியிருக்கிறார்களா என்று பார்க்கச் சொன்னதும் இதனால்தான்.

கோலாரின் கடைசிப் பக்கம் இன்னும் கசப்பு. ஆரம்பத்தில் டன்னுக்கு 40 கிராமுக்கு மேல் கொடுத்த பாறை, கடைசியில் மூணு நாலு கிராமுக்கு இறங்கிவிட்டது. 1956-ல் மைசூர் அரசு, 1962-ல் மத்திய அரசு, 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் என்று கை மாறியது. சுரங்கம் கொழித்த காலத்து லாபம் பங்குதாரரோடு எப்போதோ லண்டன் போய்விட்டது. மூணு கிலோமீட்டர் ஆழக் குழியும் நஷ்டமும் அரசாங்கத்துக்கு வந்தன. 2001 பிப்ரவரி 28-ல் மூடியபோது வேலை போனது தொழிலாளிக்கு. ஊரைச் சுற்றி சயனைடு கழிவு மலை மலையாக நிற்கிறது, 3 கோடி டன்னுக்கு மேல். காற்றடித்தால் தூசி வீட்டுக்குள் வரும். அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் தங்கத்தை எடுக்க 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது.